பன்னிரண்டு சனிக்கிழமை

வாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள். காலையில் போன் செய்த பல் டாக்டர் நீங்கள்தானே? இரண்டு மணி என்றீர்கள். இரண்டு இருபது. சரி, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இஸ்திரித் துணி இருக்கிறது. காபி இல்லை. வீட்டில் ஆள் இல்லை. எனக்குப் போடத் தெரியும். நீங்கள் குடிக்க மாட்டீர்கள்.

பொருள் இதோ. கேமரா ஒன்று, லென்ஸ் மூன்று, பேட்டரி நான்கு, முக்காலி ஒன்று. மொத்தமாகத்தான் கொடுப்பேன். விலை விளம்பரத்தில் போட்டதுதான்.

எடுத்துப் பாருங்கள், கடித்துவிடாது. எத்தனை படம் எடுத்திருக்கிறது என்றுதானே பார்க்கிறீர்கள்? நூற்றுப் பதினொன்று. நூறு இந்த மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டி, ஏற்காடு மலை, எதிர்வீட்டுக் கொடியில் வேட்டி. எல்லாம் சோதனை. மீதிப் பதினொன்று ஆஸ்திரியாவில்.

"அப்புறம் ஏன் சார் விக்கறீங்க?" நேற்று வந்தவனும் இதையேதான் கேட்டான். திருட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பில்லைக் காட்டினேன். பில்லைப் பார்த்த பிறகும் கேட்டான். போகச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எங்கே போகிறீர்கள்? நார்வே. எப்போது? பிப்ரவரி. சம்சாரத்தோடா? ம். அவர்களிடம் எல்லாம் கேட்டுவிட்டீர்களா? எல்லாம் என்றால் எல்லாம்தான். சிரிக்காதீர்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

முதலில் பையைப் பாருங்கள். கடைப் பை இல்லை. செவ்வாய்ப்பேட்டை யூசுப் தைத்தது. பழைய மெத்தைப் பஞ்சை வைத்து அறை அறையாகப் பிரித்துத் தைத்தான். விமானத்தில் கையோடு ஏழு கிலோதான் விடுவார்கள். கடைப் பை வெறும் பையே இரண்டு கிலோ நிற்கும். இது எழுநூறு கிராம். பழைய பேப்பர்காரரிடம் தராசு இரவல் வாங்கி வாரா வாரம் நிறுத்தேன். கேமராவும் இரண்டு லென்ஸும் பைக்குள். மூன்றாவது லென்ஸ் கோட்டுப் பைக்குள். உடம்பில் மாட்டியிருப்பதை எவனும் நிறுக்க மாட்டான். குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொட்டலங்கள் ஈரம் உறிஞ்சுவதற்கு. செருப்புப் பெட்டிக்குள் போட்டுத் தருவார்களே, அதுதான். தெரிந்த கடையில் சொல்லி வைத்து நாற்பது சேர்த்தேன்.

பேட்டரி குளிரில் செத்துவிடும். பையில் வைக்கக் கூடாது. சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும். புத்தகத்தில் படித்து நான் சொல்லவில்லை. இதோ இந்த ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்துச் சோதித்தேன். இருநூறு படம் எடுக்க வேண்டியது அறுபதில் படுத்துவிட்டது. காலையில் ராஜாமணி, என் சம்சாரம், ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்?" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எரிகிறது. மனசுக்குள் அவ்வளவு பெரிய பூட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து கேலி பேசியிருக்கிறாள்.

முக்காலியின் காலில் என்ன என்கிறீர்களா? சைக்கிள் ஹேண்டில் உறை. குளிரில் இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் கடையில் மூன்று ஜோடி வாங்கி மாட்டினேன். முக்காலி எனக்குப் புதுசு இல்லை. முப்பத்தி நாலு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயர். மர முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்வராயன் மலை ஏறியவன். ஒரு வரப்பு அரை அடி நகர்ந்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். என் கண்ணில் எதுவும் தப்பாது.

அதனால்தான் சொல்கிறேன், இது சாதாரணத் துரோகம் இல்லை.

என் மகள் தேன்மொழி அங்கே இருக்கிறாள். ஆஸ்திரியாவில், மலையடியில் ஒரு ஊர். ஒன்பது வருஷம் ஆயிற்று. மாப்பிள்ளை ஹரிகரன் அங்கேயே வேலை. பேத்தி மகிழினிக்கு ஆறு வயது. "அப்பா, குளிர்காலத்துல வாங்க, பனி பார்க்கலாம்" என்று மகள்தான் கூப்பிட்டாள். நானாகக் கேட்கவில்லை. மூன்று மாச விசா. வார நாளில் அவளுக்கு ஆபீஸ், குழந்தைக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் என்ன? சனி, ஞாயிறு. பன்னிரண்டு வாரம். பன்னிரண்டு சனிக்கிழமை.

செப்டம்பரில் உட்கார்ந்தேன். வரைபடம் பார்த்து, பஸ் நேரம் பார்த்து, சூரியன் எந்த மலைக்குப் பின்னால் எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்து, அட்டவணை போட்டேன். முதல் வாரம் கோட்டை. இரண்டாம் வாரம் கேபிள் கார். மூன்றாம் வாரம் உறைந்த அருவி. ஆறாம் வாரம் மலைமேல் ஒரு ஏரி. அதன் பெயரில் பதினேழு எழுத்து, வாயில் நுழையாது. ஒவ்வொரு வாரத்துக்கும் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், எந்த லென்ஸ், யார் எதைத் தூக்குவது. நாங்கள் ஐந்து பேர். சாப்பாட்டுப் பை ராஜாமணி. தண்ணீர் தேன்மொழி. கேமரா நான். குழந்தைக்கும் ஒரு வேலை வேண்டுமே, லென்ஸ் துடைக்கிற துணி. முக்காலி தூக்குபவர் ஹரி. பன்னிரண்டு வாரமும் அந்தக் கட்டத்தில் ஹரி, ஹரி, ஹரி என்று பன்னிரண்டு தடவை எழுதினேன். எழுதும்போது ராஜாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தாள்.

"வாராவாரம் அவருதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"வாலிபப் பையன், தூக்கட்டும்" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்று. அவளுடைய பெட்டியிலிருந்து பருப்புப் பொடியை எடுத்தேன், முக்காலி வைக்க இடம் வேண்டும் என்று. கருவடாம் எடுத்தேன். மகளுக்கு என்று வாங்கின கம்பளியைக்கூட எடுத்தேன். வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பெட்டியிலிருந்து நான் ஒரு கைக்குட்டை எடுத்ததில்லை, எடுக்க விட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாந்தமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பை வாங்கப் போனபோது யூசுப் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க சார்" என்றான். குளிருக்குச் சொல்கிறான் என்று நினைத்து, "அவளுக்குப் பழகிப் போச்சு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ராஜாமணி அவனிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது அழுதிருக்கிறாள். தையல்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என்ன நியாயம் இது?

லென்ஸ் மூடியை மூடி வையுங்கள். தூசி உள்ளே போகும்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். விமான நிலையத்துக்கு மகளும் குழந்தையும் வந்திருந்தார்கள். "மாப்பிள்ளை?" என்றேன். "வேலைப்பா" என்றாள். சரி, வேலை இருக்கும். வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு. இரண்டு அறை. வாசலில் செருப்பு அலமாரியில் இரண்டே அளவுதான், அவளுடையது, குழந்தையுடையது. நான் ஷூவைக் கழற்றி அங்கேதான் வைத்தேன். காலி இடம் நிறைய இருக்கிறதே என்றுகூடச் சொன்னேன்.

கேமராப் பையைத் திறக்கவில்லை. வெளிக் குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வந்தால் இரண்டு மணி நேரம் மூடியே வைக்க வேண்டும். திறந்தால் லென்ஸுக்குள் வேர்த்துவிடும். இது முக்கியம், நார்வேயில் மறந்துவிடாதீர்கள். அட்டவணையை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தேன்மொழி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "நல்லா இருக்காம்மா?" என்றேன். "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒரு மடையன்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் வாரம், கோட்டை, பஸ் எட்டு இருபது. ஆறரைக்கே நான் தயார். உள்சட்டை இரண்டு, ஸ்வெட்டர், கோட்டு, நெஞ்சோடு பேட்டரி. முக்காலி வாசலில் சாத்தியாகிவிட்டது. ராஜாமணி இட்லிக்குப் பொடி தடவி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து டப்பா. எண்ணிக்கொள்ளுங்கள், ஐந்து. குழந்தையும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முதுகில் பை மாட்டி நின்றது. நம் ரத்தம், நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹரி நிற்கிறார். தன் வீட்டுக் கதவுக்கு ஒருவர் மணி அடிப்பாரா? சாவியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"வாங்க மாப்பிள்ளை. ராத்திரி டியூட்டியா? இந்தாங்க, முக்காலி உங்க பொறுப்பு" என்று எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. "சௌக்கியமா மாமா?" என்றார். தேன்மொழியைப் பார்த்தார். தேன்மொழி சுவரைப் பார்த்தாள்.

குழந்தைதான் சொன்னது. "தாத்தா, சனிக்கிழமை நான் அப்பா வீடு."

"இது யார் வீடு?" என்றேன்.

"இது அம்மா வீடு."

ஆறு வயசுக் குழந்தை, ஸ்கூல் டைம்டேபிள் சொல்கிற மாதிரி சொல்கிறது. ஹரி முக்காலியை மறுபடி வாசலில் சாத்திவிட்டு, சாயாமல் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினார். ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து விடுவாராம். கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததாம். எல்லாச் சனியும், எல்லா ஞாயிறும். என் அட்டவணை முழுக்க.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"ஒண்ணரை வருஷம்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

திரும்பிப் பார்த்தேன். ராஜாமணி ஐந்தாவது டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். தெரிந்துகொண்டே ஐந்து டப்பா வைத்திருக்கிறாள் பாருங்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நாலு வைத்திருந்தால்கூட அப்போதே கேட்டிருப்பேன்.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்களை அப்படிப் பார்க்கலை. நேர்ல வந்து இவ வாயாலேயே சொல்லட்டும்னு விட்டேன்."

"உன்கிட்ட நான் சந்தோஷம் கேட்டேனா?" என்றேன். நியாயமான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள்.

சரி, பிரிந்தார்கள். என்ன காரணம்? கேட்டேன். அடித்தாரா? இல்லை. குடியா? இல்லை. வேறு சகவாசமா? இல்லை. "ஒத்துவரலைப்பா" என்கிறாள். ஒத்துவரவில்லை என்றால் என்ன அர்த்தம்? முப்பத்தெட்டு வருஷமாக எங்களுக்கு என்ன ஒத்துவந்தது? அதையும் ராஜாமணி எதிரிலேயே கேட்டேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டதற்கு மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "தம்மம்பட்டி பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காந்திருந்தது நான்தான்பா" என்றாள்.

எதற்கு அதை இழுத்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அது என் தங்கை சௌந்தரம் விஷயம். ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள், இனி அங்கே போக மாட்டேன் என்று. நான் கத்தவில்லை, கை நீட்டவில்லை. முதலில் சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். அடுத்த பஸ்ஸில் நானே கூட்டிப்போய் தம்மம்பட்டியில் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். தேன்மொழிக்கு அப்போது ஒன்பது வயது, கூட வருவேன் என்று அடம் பிடித்தது, ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான் சங்கதி. இருபத்தேழு வருஷமாகச் சௌந்தரம் அங்கேதான் இருக்கிறாள். ஒரு குறை சொன்னதில்லை என்னிடம். அதிகம் பேசவே மாட்டாள். வேலை இருக்கும்.

இதைக் கேளுங்கள். திரும்பி வந்ததும் சௌந்தரத்துக்குத்தான் போன் செய்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று. "தெரியும்ணா" என்கிறாள். ஒண்ணரை வருஷமாகத் தெரியுமாம். தேன்மொழி முதன்முதலில் சொன்னதே அத்தையிடம்தானாம். பெற்ற தாய்க்குக்கூட அப்புறம்தான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே அண்ணா? பிளேன் ஏறிப் போயி, சாப்பிட வச்சு, திருப்பிக் கொண்டுபோயி விட்டிருப்பே."

"ஆமா. பேசிச் சரி பண்ணியிருப்பேன்" என்றேன்.

போன் கட்டாகிவிட்டது. தம்மம்பட்டிப் பக்கம் சிக்னல் அப்படித்தான்.

பதினாலு நாள் அங்கே இருந்தேன். முதல் சனி போயிற்று, இரண்டாம் சனி போயிற்று. நான் வெளியே இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பதினொரு படம் எடுத்தேன். எல்லாம் ஒரே குப்பைத் தொட்டி, மேலே பனி. வெள்ளை சுத்தமாக வந்திருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை தேன்மொழி ஆபீஸிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "அப்பா, இந்தச் சனிக்கிழமை மகிழ் நம்மகூட இருப்பா. உங்க அருவிக்குப் போகலாம். ஹரிகிட்டப் பேசிட்டேன்" என்றாள்.

"எப்படிச் சம்மதிச்சார்?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் லீவுல நாலு நாள் என் பங்கு. அதை அவருக்குக் குடுத்துட்டேன்."

பார்த்தீர்களா? அதையும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. என் அட்டவணையில் நான்காம் ஐந்தாம் வாரத்துக்கு நடுவில் வருகிற நாலு நாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம் என்றேன். அன்றைக்கே விமானக் கம்பெனிக்குப் போன் செய்து டிக்கெட்டை மாற்றினேன். வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த தாளையும் பிரித்து எடுத்துக்கொண்டேன். என் தாள்.

ராஜாமணி பெட்டி கட்டுவாள் என்று பார்த்தேன். கட்டவில்லை. "நீங்க போங்க. நான் மூணு மாசத்துக்கு வந்தவ" என்றாள். குழந்தை மட்டும் லிஃப்ட் வரைக்கும் வந்தது. லென்ஸ் துடைக்கிற துணியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாம். நீயே வைத்துக்கொள் என்றேன். அதனால்தான் துணி இல்லை. விளம்பரத்தில் போட்டிருப்பேன், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லுங்கள், கேமரா எனக்கு எதற்கு?

உச்சமான துரோகம் இனிமேல்தான். அவர்கள் போகிறார்கள். என் அட்டவணைப்படி. போனில் எடுத்து வைத்திருந்தாளே, அந்தப் படத்தைப் பார்த்து, சனிக்கிழமை சனிக்கிழமை, அம்மாவும் மகளும், பஸ் பிடித்து. மூன்றாம் வாரம் அருவிக்குக் குழந்தையையும் கூட்டிப் போனார்கள். நான் இல்லாமல். போனதோடு விட்டார்களா? ராஜாமணி எனக்குப் படம் அனுப்புகிறாள். பார்த்துவிட்டேன் என்று அவர்களுக்குக் காட்டுமே, அந்த நீலக் குறி, அதை அணைத்து வைத்திருக்கிறேன். பதில் போடுவதில்லை. திரும்பி வந்து மூன்று வாரமாக அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாருங்கள் இதை. குழந்தை மடக்கின குடையை ஊன்றிக்கொண்டு, தன் இரண்டு காலோடு சேர்த்து மூன்று காலாக நிற்கிறது, முக்காலியாம். எப்படி எடுத்திருக்கிறாள் பாருங்கள். அடிவானம் ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. கோணமானி வைத்து அளந்தேன். பனி முழுக்கச் சாம்பல். ஆடி மாசத்துச் சாக்கடை மாதிரி. இது நான்காம் வாரம், மகளும் தாயும். இதிலும் சாம்பல். ஐந்தாம் வாரம், சாம்பல். என் இடம், என் நேரம், என் வெளிச்சம், இப்படியா நாசம் பண்ணுவது?

இன்றைக்கும் அனுப்பினாள். ஒன்று நாற்பதுக்கு. "கிளம்பிட்டோம், ஏரிக்கு. பனி கொட்டுது." அவ்வளவுதான் செய்தி.

என்ன எடுக்கிறீர்கள்? மேல் ஜிப்பிலா? அது பில் இல்லை. அதுதான் அந்தத் தாள். பார்த்துவிட்டு வையுங்கள், அது விற்பனைக்கு இல்லை.

ஆமாம், நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ஆறாம் வாரம், திரும்பும் பஸ் ஆறு பத்து, பக்கத்தில் நட்சத்திரம். தாளைத் திருப்புங்கள், பின்னால் இருக்கும். சிவப்பு மை. படியுங்கள்.

மறுபடி படியுங்கள்.

"குளிர்காலத்தில் கடைசி பஸ் 4.10. தவறினால் நடந்து இறங்க இரண்டரை மணி. பாதை பனியில் மூடும்."

இன்றைக்கு ஜனவரி மூன்றா?

அது தப்பு இல்லை, திருத்தம். செப்டம்பரில் வெயில்கால பஸ் நேரத்தை வைத்துப் போட்டுவிட்டேன். நவம்பரில் சரிபார்த்தபோது தெரிந்தது. அச்செடுத்தாகிவிட்டது, பின்னால் எழுதி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான்தானே கூட இருக்கப் போகிறேன்? தேவையில்லாமல் என் தாளில் தப்பு இருக்கிறது என்று அவர்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?

மகள் எடுத்த படம் முன்பக்கம் மட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது, பின்பக்கம் எப்படித் தெரியும்?

மணி என்ன? மூன்று ஐந்து. அங்கே பத்து முப்பத்தைந்து. மேலே போகிற பஸ்ஸில் இருப்பார்கள். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் அங்கே. ராஜாமணிக்கு முழங்கால் வலி. ஆறு பத்து வரைக்கும் நேரம் இருக்கிறது என்று ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு என் தாள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அச்சில் இருந்தால் மாறாது என்பாள்.

உங்கள் போனை எடுங்கள். என் போனில் கூப்பிட மாட்டேன், உங்கள் போனில். மகள் நம்பர் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். கூட்டல் நாலு மூன்று என்று ஆரம்பியுங்கள். போடுங்கள் சீக்கிரம். உங்கள் விரல் பல் பிடுங்குகிற விரல்தானே, இவ்வளவு மெதுவாகவா?

போகிறதா? மணி அடிக்கிறதா?

எடுத்துவிட்டாளா? பேசுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். கடைசி பஸ் நாலு பத்து. ஆறு பத்து இல்லை. அதை மட்டும் சொல்லுங்கள்.

யார் என்கிறாளா? கேமரா வாங்க வந்தவர் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா? அடடா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா கேமராவை விற்கிறாரா என்கிறாளா? அதை விடுங்கள். பஸ்ஸைச் சொல்லுங்கள். நட்சத்திரம் போட்டிருக்கிறதே, அதற்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். புரிந்ததா அவளுக்கு? திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாலு பத்து. ம். மூன்றரைக்கே வந்து நிற்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்கிறாளா? இல்லை என்று சொல்லுங்கள். வெளியே போயிருக்கிறார், வர நேரமாகும் என்று...

நான் பேசுவது கேட்கிறது என்கிறாளா.

சரி. வேலை முடிந்தது. வைத்துவிடுங்கள்.

இன்னும் என்ன? ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்? என்ன கேட்கிறாள், சத்தமாகச் சொல்லுங்கள்.

போனில் எடுத்தால் பனி ஏன் சாம்பலாக வருகிறது என்று கேட்கிறாளா?

உங்களுக்குச் சொல்லி, நீங்கள் அவளுக்குச் சொல்லி... ஆகிற காரியம் இல்லை. கொடுங்கள் இங்கே.

"ம். நான்தான். அம்மா போனை வாங்கு. வாங்கிட்டியா? கேமராவைத் திற. அந்தப் போனுக்கு வெள்ளை தெரியாது, பயந்துபோயி இருட்டாக்கும். திரையில பனி இருக்கிற இடத்துல விரலை வை. சூரியன் மாதிரி ஒண்ணு வரும். வந்துச்சா? அதை மேல தள்ளு. கையுறையோட தள்ளினா போகாது, ஒரு விரலை மட்டும் வெளியே எடு. என்ன சத்தம் அது? மூக்கை உறிஞ்சறியா? குளிர்ல அப்படித்தான் வரும், கழுத்துக்குத் துணி சுத்திக்கோ. எனக்குக் கோபம் போகலை. சொல்லிட்டேன். அது அப்படியேதான் இருக்கு, அதை அப்புறம் பேசிக்கலாம். நீ தள்ளு. இன்னும் மேல. இன்னும்."